வரிசையில் நிற்கும் குழந்தையிடம் போங்கள்

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இறுதி ஆண்டு படிக்கிறேன். இப்போது குழந்தைகள் நலப் பிரிவில் போஸ்டிங். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் யூனிட்டுக்கு ஓ.பி., அதாவது புறநோயாளிப் பிரிவு. காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். பெரும்பாலும் சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்குதான். எங்களுக்குக் கற்பிக்கும் மேடம் ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினாலே பெரிது. நாங்கள் ஆறு பேர் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று சீட்டில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கிறோம். வார்டில் இதயத்தில் மர்மர், சிறுநீரகத்தில் நெஃப்ரோடிக், ரத்தத்தில் தலசீமியா என்று ஒவ்வொரு கட்டிலும் ஒரு பாடம். தேர்வில் வைப்பதும் அந்தக் கேஸ்களைத்தான். ஓ.பி. நாளில் நூலகத்துக்குப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. போன வாரம் ஓர் அம்மா என்னிடம், "டானிக் எதுவும் எழுதலையே, வெறுங்கையோட அனுப்புறீங்களே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் பாதி சரி. ஒரு நாற்காலிக்குப் பின்னால் ஆறு பேர் நின்று சீட்டை எட்டிப் பார்ப்பது படிப்பு ஆகாது. மாணவனாக நானும் அப்படி நின்றேன். பின்னாளில் ஆசிரியரான பிறகு, கூட்டம் அதிகமான நாட்களில் என் மாணவர்களையும் அப்படி நிற்க விட்டிருக்கிறேன். அது என் தவறு என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து நூலகம் இல்லை. நாற்காலியின் பின்னாலிருந்து வரிசைக்குப் போவதுதான் மருந்து.

வார்டுக்கு வந்துவிட்ட குழந்தை ஏற்கெனவே ஒருவர் கண்ணில் பட்ட குழந்தை. யாரோ ஒருவர் கூட்டத்துக்கு நடுவே அதைப் பார்த்து, "இது வீட்டுக்குப் போகக் கூடாது" என்று முடிவெடுத்திருக்கிறார். நீங்கள் கட்டிலருகே போகும்போது கேஸ் ஷீட்டில் நோயின் பெயர் எழுதியிருக்கிறது, எக்ஸ்ரே தொங்குகிறது. அந்த முதல் முடிவை எடுக்கிற கண் ஓ.பி.யில்தான் வளரும். நாளை நீங்கள் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்காரும்போது தலசீமியா கேஸ் எத்தனை வருமோ, தெரியாது. இருமலோடு நூறு குழந்தைகள் நிச்சயம் வரும். அந்த நூறில் நிமோனியா உள்ள இரண்டு குழந்தைகள் எவை என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அதனால் முதல் வேலை இது. ஓ.பி. தொடங்கும் முன் அரை மணி நேரம் வரிசை ஓரமாக நடங்கள். ஸ்டெதாஸ்கோப்பைப் பையில் போட்டுவிடுங்கள். கையில் நொடிமுள் உள்ள கடிகாரம் மட்டும் போதும். அம்மாவின் தோளில் தூங்கும் குழந்தை, மடியில் பால் குடிக்கும் குழந்தை, இவர்களிடம் போய் அம்மாவிடம் அனுமதி கேட்டுச் சட்டையை மெல்லத் தூக்கி மூச்சை எண்ணுங்கள். முழுதாக ஒரு நிமிடம். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சை முறையான ஐ.எம்.என்.சி.ஐ. கையேட்டில் இந்த எண்களைப் படித்திருப்பீர்கள். படித்தது வேறு, ஐம்பது குழந்தைகளுக்கு எண்ணிப் பார்த்தது வேறு. ஐம்பதாவது குழந்தைக்குப் பிறகு எண்ணுவதற்கு முன்பே உங்கள் கண் சொல்லிவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்குகிறதா என்பதும் அப்படித்தான் பழகும். புத்தகப் படத்தில் அது விளங்காது.

நடக்கும்போது சத்தம் போட்டு அழுகிற குழந்தைகள் உங்கள் கவனத்தை இழுப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய், சத்தமில்லாமல் சாய்ந்து கிடக்கிற குழந்தையைத் தேடுங்கள். பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு வந்தது, கூப்பிட்டால் கண் திறக்காத மயக்கம். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அந்தக் குழந்தை வரிசையில் நிற்கக் கூடாது. தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போங்கள். மேடம் கோபிக்க மாட்டார். என் அனுபவத்தில், மாணவர் ஒருவர் மேல் ஆசிரியருக்கு நம்பிக்கை பிறப்பது பெரும்பாலும் இப்படி ஒரு நாளில்தான்.

டெங்குக் காலத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நாலு நாள் காய்ச்சல், இன்னைக்கு விட்டுடுச்சு, ஆனா புள்ள துவண்டு கெடக்கு" என்று ஓர் அம்மா சொன்னால் காய்ச்சல் விட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, சில்லிட்ட கை கால், குறைந்துபோன சிறுநீர், ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், இவை ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பேச்சு. இதை எந்தப் பாடப்புத்தகமும் உங்களுக்குச் சொல்லித் தராது, ஏனென்றால் நம் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, நம் அம்மாக்கள் தமிழில் சொல்கிறார்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நடந்தது. ஒன்பது மாதக் குழந்தை. "ராத்திரி இழுப்பு வந்துச்சு சார்" என்றார் அம்மா. எனக்கு இழுப்பு என்றால் வீசிங், மூச்சிரைப்பு. மார்பில் வைத்துக் கேட்டேன், சத்தம் எதுவும் இல்லை. இரவு வந்து காலையில் அடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சால்பூட்டமால் சிரப் எழுதினேன். சீட்டை வாங்கிப் பார்த்த என் சீஃப் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார். "எப்படி இழுத்துச்சு, செஞ்சு காட்டும்மா" என்றார். அந்த அம்மா தன் வலது கையை மடக்கி, விரல்களை இறுக்கி, வெடுக் வெடுக்கென்று உதறிக் காட்டினார். கண்ணை மேலே செருகிக் காட்டினார். குழந்தைக்கு வந்தது காய்ச்சலோடு வலிப்பு. என் சீட்டில் இருந்ததோ வீசிங் மருந்து. சீஃப் என்னைத் திட்டவில்லை. "அவங்க சரியாத்தான் சொன்னாங்க, நீதான் வேற கேட்டே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் "செஞ்சு காட்டுங்க" என்று கேட்காமல் இழுப்பு என்ற சொல்லை நான் ஏற்றுக்கொண்டதில்லை.

இப்படி நிறைய இருக்கின்றன. 'மாந்தம்' என்று ஓர் அம்மா சொன்னால் அது வயிற்று உப்புசமாக இருக்கலாம், பச்சையாகப் போகிற மலமாக இருக்கலாம், வாந்தியாக இருக்கலாம், வெறும் அழுகையாகவும் இருக்கலாம். 'சளி' என்பது மூக்கில் ஒழுகுவதா, தொண்டையில் கரகரப்பா, நெஞ்சில் இரைச்சலா என்று கேட்டால்தான் தெரியும். 'சோறு எறங்கல' என்பதற்கு விழுங்க முடியவில்லை என்று பொருளா, சாப்பிட விருப்பமில்லை என்று பொருளா? 'அம்மா போட்டிருக்கு' என்றால் அம்மை. அந்த வீட்டில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததே பெரிய விஷயம் என்பதை நினைத்துக்கொண்டு பேச வேண்டும். 'தொக்கம் எடுத்தோம்' என்றால் யாரோ ஒருவர் வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லி எதையாவது செய்திருக்கிறார். எப்போது, எங்கே, அதற்குப் பிறகு குழந்தை எப்படி இருந்தது என்று அமைதியாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் அடுத்த முறை அந்த அம்மா உண்மையைச் சொல்ல மாட்டார். உரைமருந்து கொடுத்தார்களா, வசம்பு கொடுத்தார்களா என்பதையும் அதே குரலில், தடுப்பூசி பற்றிக் கேட்கிற குரலில், கேளுங்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் அம்மா சொன்ன சொல், எதிர்ப்பக்கம் கடைசியில் அது என்னவாக இருந்தது என்று எழுதி வாருங்கள். போஸ்டிங் முடியும்போது உங்கள் ஊருக்கான அகராதி ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

எடை பார்க்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். இது தண்டனை போலத் தோன்றும், ஆனால் குழந்தை மருத்துவத்தில் எடைதான் எல்லாக் கணக்குக்கும் அடி. காலணி, ஸ்வெட்டர், நனைந்த டயப்பரோடு நிறுத்தினால் எத்தனை கிராம் கூடுகிறது என்று நீங்களே பாருங்கள். பிறகு பாரசிட்டமால் கணக்கு ஒன்றைப் போடுங்கள். 10 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 150. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மில்லிதான். வீட்டில் மூன்று பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கும். டிராப்ஸை எடுத்து சிரப் போல 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம், நாலு மடங்கு. அதனால் சீட்டில் "பாரசிட்டமால் சிரப்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த பாட்டில், எத்தனை மில்லி, எதில் அளப்பார்கள் என்பதும் சேர்ந்ததுதான் மருந்துச்சீட்டு. பாலாடையிலா, மூடியிலா, சமையல் கரண்டியிலா என்று கேளுங்கள். "வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓ.ஆர்.எஸ். விஷயமும் இப்படியே. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்குகிறவர்கள் உண்டு. அது குழந்தைக்குக் கெடுதல். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடும். பாக்கெட்டைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் போட்டு விற்ற இனிப்புப் பானங்களை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் தடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆணையம் தடுத்தாலும் எது உண்மையான உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று அம்மாவுக்குக் காட்ட ஓ.பி.யில் ஓர் ஆள் வேண்டும். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றதும் நிறுத்திவிடுவார்கள், 14 நாள் கொடுக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் பொறுமையாகச் சொல்ல மேடத்துக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்த ஓ.பி.யில் மாணவர்களால் உண்மையாகவே உதவ முடிகிற இடம் இது.

இனி, அந்த அம்மா கேட்ட கேள்வி. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அரை நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, இரண்டு மணி நேரம் நின்றவரிடம் "ஒண்ணுமில்ல, சாதாரண சளி" என்று சொன்னால் அது பதிலாகாது. அவருக்கு அது ஒன்றுமில்லாத விஷயமாக இருந்திருந்தால் வந்திருக்க மாட்டார். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நெஞ்சை நல்லாப் பார்த்துட்டேம்மா, சளி உள்ள எறங்கல. மூச்சை எண்ணிப் பார்த்தேன், சரியா இருக்கு. இது வைரஸ் சளி, தானா அடங்கும். இருமல் மட்டும் ரெண்டு வாரம் வரைக்கும் இழுத்துட்டுப் போகலாம், பயப்படாதீங்க. மூக்கு அடைச்சா இந்த உப்புத்தண்ணி சொட்டு ரெண்டு விடுங்க, பால் குடிக்கிறதுக்கு முன்னாடி. ஒரு வயசு தாண்டிடுச்சுன்னா ராத்திரி கொஞ்சம் தேன் கொடுக்கலாம், ஒரு வயசுக்குள்ள கூடாது. மூச்சு வேகமா வாங்கினாலோ, பால் குடிக்கலன்னாலோ, மூணு நாளைக்கு மேல காய்ச்சல் நின்னாலோ நாளைக் கடத்தாம உடனே வாங்க." இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். இத்தனையும் கேட்டுக்கொண்ட அம்மாவுக்கு வெறுங்கையோடு போகிற உணர்வு இருக்காது.

இருமல் டானிக் ஏன் எழுதவில்லை என்பதையும் நீங்கள் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்தில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தைகளில் பலர் வந்தது சாதாரணச் சளி இருமலோடு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது மறுபடியும் சொன்னது. நஞ்சு கலக்காத நல்ல டானிக்காகவே இருந்தாலும், அந்த வயதில் அது இருமலைக் குறைப்பதில்லை, குழந்தையைத் தூங்க வைக்கிறது, அவ்வளவே. எழுதாமல் விட்ட அந்தச் சீட்டை நினைத்து நீங்கள் கூசவே வேண்டாம்.

குழந்தையைப் பரிசோதிக்கிற முறையிலும் ஒரு வார்த்தை. படுக்க வைக்காதீர்கள். அம்மா மடியிலேயே இருக்கட்டும். தூரத்திலிருந்து பார்ப்பது, மூச்சு எண்ணுவது, பிறகு மார்பு, பிறகு வயிறு. காதும் தொண்டையும் கடைசியில், ஏனென்றால் அதற்குப் பிறகு அழுகைதான். டார்ச்சை முதலில் குழந்தை கையில் கொடுங்கள். அது எப்படி வாங்குகிறது, எந்தக் கையில் வாங்குகிறது, உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்பதிலேயே வளர்ச்சிப் பரிசோதனையில் பாதி முடிந்துவிடும்.

லண்டனில் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் 1769-ல் ஏழைக் குழந்தைகளுக்கென்று ஒரு மருந்தகம் திறந்தார். அது புறநோயாளிகளுக்கு மட்டும். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னவர்களிடம், தாயிடமிருந்து பிரித்தால் குழந்தையின் மனம் உடைந்துபோகும் என்று மறுத்தார். குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனைகள் ஐரோப்பாவில் பெருகியது அதற்கு வெகு காலம் கழித்து. நம் துறை மடியில் இருக்கும் குழந்தையோடு தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கும்.

மேடத்திடமிருந்து எப்படிக் கற்பது? அவர் கற்பிப்பார் என்று காத்திருக்காதீர்கள். ஸ்னாப்ஸ் என்று ஒரு கற்பித்தல் முறை 2003-ல் அமெரிக்காவில் வெளியானது, புறநோயாளிப் பிரிவுக்கென்றே வடிவமைத்தது. பேசுவது மாணவர், கேட்பது ஆசிரியர். நம் ஓ.பி.க்கு ஏற்றபடி அதை நான் இப்படிச் சுருக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழந்தையை நீங்களே முழுமையாகப் பாருங்கள். பிறகு அரை நிமிடத்தில் சொல்லுங்கள்: "மேடம், ஒன்றரை வயது, 9 கிலோ, இரண்டு நாள் காய்ச்சல், சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, மூச்சு 36, பால் குடிக்கிறது. வைரல் என்று நினைக்கிறேன், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். சிறுநீர் பரிசோதனை இன்றே கேட்கலாமா, நாளை வரை பார்க்கலாமா?" கூடவே உங்களுக்கு நிச்சயமில்லாததையும் சொல்லிவிடுங்கள்: "காதுச் சவ்வு எனக்குச் சரியாகத் தெரியவில்லை." எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இப்படிக் கேட்கிறவருக்குப் பதில் சொல்லாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. "டெங்கு பற்றிச் சொல்லுங்கள் மேடம்" என்று கேட்டால் பதில் வராது. அது அவர் தவறில்லை.

ஓ.பி.யில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. அங்கே கதையின் முடிவு தெரிவதில்லை. வைரல் என்று அனுப்பிய குழந்தைக்கு நாலாம் நாள் என்ன ஆயிற்று? தெரியாது. தெரியாததால் நம் தவறுகள் நமக்குத் தெரிவதில்லை, தெரியாத தவறு திருந்துவதுமில்லை. அதனால் வாரத்துக்கு இரண்டு குழந்தைகளைத் தேர்ந்துகொண்டு, அவர்களை மறுபடி வரச் சொன்ன நாளில் நீங்களும் அங்கே இருங்கள், அது உங்கள் ஓ.பி. நாளாக இல்லாவிட்டாலும். புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஒரு காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக அனுமதி கிடைத்தால் போய் வாருங்கள். நோயில்லாத குழந்தைகளை ஒரே இடத்தில் நிறையப் பார்க்க வேறு இடம் கிடையாது. எட்டு மாதக் குழந்தை எப்படி உட்காரும், ஒரு வயதுக் குழந்தை எப்படி நிற்கும் என்று அங்கே பார்த்தால்தான் ஓ.பி.யில் உட்காராத குழந்தை கண்ணில் உறுத்தும். தடுப்பூசி அட்டைகளையும் புரட்டுங்கள். இரண்டு தவணை விட்டுப்போன அம்மா, முதலிலிருந்து போடணுமோ என்று பயந்தே வராமல் இருந்திருப்பார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும் என்ற ஒரு வரி அவரைத் திரும்ப அழைத்து வரும். குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் உங்களுக்குக் கொடுத்த குடும்பங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்த ஒரு குழந்தையின் எடையை நீங்களே வளர்ச்சி வரைபடத்தில் குறித்து வாருங்கள்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வார்டு கேஸ்தான் வைப்பார்கள், அதற்குப் படியுங்கள், மாலையில் வார்டுக்குப் போங்கள். ஆனால் இந்தக் கடிதத்தைத் துறை ஆசிரியர் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள்: ஓ.பி.யின் மூலையில் மாணவர்களுக்கு ஒரு மேஜை, ஒரு எடை இயந்திரம், இரண்டு நாற்காலி போட்டுக் கொடுங்கள். அவசரமில்லாத பத்துக் குழந்தைகளை முதலில் அவர்கள் பார்க்கட்டும், பிறகு நீங்கள் பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் கடைசி ஆறு ஆண்டுகள் இதைச் செய்தோம். வரிசை நீளவில்லை.

நூலகத்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள், ஓ.பி. முடிந்து மதியச் சாப்பாடு ஆன பிறகு. போகும்போது அந்தச் சின்ன நோட்டை எடுத்துப் போங்கள். அன்று காலை எந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றீர்களோ, அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் படியுங்கள்.